கஞ்சியும் நடையும் மட்டும் போதாது

தூத்துக்குடிப் பக்கம் அறுபது தாண்டியவர்களிடம் உடற்பயிற்சி என்று பேச்செடுத்தால் முதலில் சிரிப்பார்கள். உப்பளத்தில் வெயிலோடு வெயிலாக நின்று உப்பு வாரியவர், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், தோணியில் பாய் இழுத்தவர், சங்கு குளித்தவர், மீன் கூடையைத் தலையில் வைத்துத் தெருத் தெருவாக விற்றவர் எல்லாம் இந்த ஊர்க்காரர்கள். "ஆயுசு பூரா செஞ்சதுதானே, இன்னுமா?" என்று அவர்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் தசைக்குப் பழைய கணக்கு தெரியாது. முப்பது வருடம் மூட்டை தூக்கிய தொடையும், வேலையை விட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் மற்ற எல்லோருடைய தொடையையும் போலத்தான் இளைக்கும்.

இந்தக் கடலில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அன்று இருபது வயதில் கல்லில் கால் வைத்துக் கயிற்றோடு கடலடிக்கு இறங்கியவருக்கு இன்று எண்பது தாண்டியிருக்கும். அந்த வயதுக்காரர்கள் பலர் இப்போது சுவரைப் பிடித்து எழுகிறார்கள், கழிவறைக்குப் போக ஆள் தேடுகிறார்கள். வீட்டில் பிள்ளைகள் "வயசாயிட்டுல்லா, சும்மா இருங்க" என்கிறார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் பாதிக் கெடுதல் அந்தச் சும்மா இருப்பதில்தான் இருக்கிறது.

முப்பதுகளிலேயே தசை மெல்லக் குறையத் தொடங்குகிறது. அறுபதுக்கு மேல் வேகம் பிடிக்கிறது. தசையின் அளவு குறைவதைவிட அதன் வலு இன்னும் வேகமாகக் குறைகிறது. ஆளைப் பார்த்தால் பழைய உடம்பு போலத்தான் இருக்கும், எழச் சொன்னால்தான் தெரியும். அமெரிக்க மருத்துவர் இர்வின் ரோசன்பர்க் 1989-ல் இதற்கு சார்கோபீனியா என்று பெயர் வைத்தார். அதற்கு முன்பு இதைத் தனியாகக் கவனித்தவர்கள் குறைவு, முதுமை என்ற ஒரே மூட்டைக்குள் போட்டுக் கட்டிவிட்டார்கள். நம் ஊரில் இன்னமும் அப்படித்தான்.

தசையில் இரண்டு வகை நார்கள் உண்டு. மெதுவாக, நீண்ட நேரம் வேலை செய்பவை ஒரு வகை. நிதானமாக நடக்க அவை போதும். சட்டென்று பலம் காட்டுபவை இன்னொரு வகை. நாற்காலியிலிருந்து எழ, படி ஏற, பஸ்ஸில் ஏற, கால் இடறும்போது மறுகாலைச் சடாரென ஊன்ற இவைதான் வேண்டும். வயதாக ஆக முதலில் சுருங்குவது இந்த இரண்டாம் வகை. ரோச் பூங்காவிலும் முத்துநகர் கடற்கரையிலும் காலையில் நடப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. நடை இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது, மனசுக்கு அதைவிட நல்லது. ஆனால் நிதானமான நடை இந்த இரண்டாம் வகை நாரை எழுப்பாது. வருடக்கணக்காக நடப்பவருக்கும் தரையில் உட்கார்ந்தால் எழ முடியாமல் போவது இதனால்தான். அந்த நாருக்குச் சுமை வேண்டும்.

படுக்கை எவ்வளவு கெடுக்கும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2007-ல் அமெரிக்காவில், நோய் எதுவும் இல்லாத முதியவர்கள் சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்க வைத்துப் பார்த்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போயிருந்தது. காய்ச்சலுக்கோ அறுவை சிகிச்சைக்கோ ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்த அப்பா அதன்பிறகு பழைய மாதிரி நடக்கவேயில்லை என்று பல வீடுகளில் சொல்வார்கள். நோய் குணமாகியிருக்கும். போன தசையைத் திரும்பக் கொண்டுவரும் வேலையை மட்டும் யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

திரும்ப வருமா? வரும். 1990-ல் பாஸ்டன் நகரின் முதியோர் இல்லம் ஒன்றில் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவர் பத்துப் பேரைச் சேர்த்தார். சராசரி வயது 90. எட்டு வாரம், வாரத்துக்கு மூன்று முறை, காலால் பளு தூக்கும் பயிற்சி. அதுவும் பேருக்கு அல்ல, ஒருவரால் ஒரு முறை தூக்க முடிந்த அதிகபட்ச எடையில் 80 சதவீதம் அளவுக்கு. முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. தொடைத் தசையின் அளவு 9 சதவீதம்தான் கூடியது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் பெரிய இடைவெளியைக் கவனியுங்கள். முதல் சில வாரங்களில் வரும் பலம் புதுத் தசையால் வருவதல்ல. வேலையில்லாமல் கரையில் உட்கார்ந்திருந்த ஆட்களை மறுபடி தோணிக்குக் கூப்பிடுவது போல, சும்மா கிடந்த நார்களை நரம்பு மறுபடி வேலைக்கு அழைப்பதால் வருவது. அதனால்தான் இரண்டு மூன்று வாரத்திலேயே வித்தியாசம் தெரிகிறது. தசை வளர இரண்டு மாதமாவது ஆகும். நிறுத்தினால் சம்பாதித்ததும் போகத் தொடங்கும் என்பதையும் அதே ஆய்வு காட்டியது.

கோயம்புத்தூரின் யோகா ஆசிரியர் நானம்மாள் தொண்ணூறு தாண்டியும் ஆசனம் போட்டவர், 2018-ல் பத்மஸ்ரீ பெற்றவர். அவரைக் காட்டி "பாருங்க" என்றால் நம் பெரியவர்களுக்கு எரிச்சல்தான் வரும். அவர் சிறு வயதில் தொடங்கி விடாமல் செய்தவர். பாஸ்டன் பத்துப் பேரின் கதை வேறு. விட்டுப்போனதைத் தொண்ணூறில் பிடித்தவர்கள் அவர்கள்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு சாதாரண உயர நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் தசை குறைந்திருக்கலாம் என்று ஆசிய நாடுகளின் நிபுணர் குழு 2019-ல் வரையறுத்தது. அதே குழு சொன்ன இன்னொரு அளவு கெண்டைக்காலின் சுற்றளவு. தையல்காரர் டேப்பால் கெண்டைக்காலின் தடித்த இடத்தில் அளந்தால், ஆணுக்கு 34 சென்டிமீட்டருக்கும் பெண்ணுக்கு 33 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருக்கக் கூடாது. காலில் நீர் கோத்திருந்தால் இந்த அளவு ஏமாற்றிவிடும்.

சோதனைக்கு எடுத்த அதே நாற்காலிதான் மருந்தும். அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தப்பாகச் செய்தால் விழுவோம். நம் வீடுகளில் இருப்பது பிளாஸ்டிக் நாற்காலி, கீழே டைல்ஸ் தரை. எழும்போது நாற்காலி பின்னால் வழுக்கும். எனவே அதன் முதுகைச் சுவரில் சாத்திப் போடுங்கள். நாற்காலியின் முன் விளிம்புக்கு நகர்ந்து உட்காருங்கள். பாதங்களை முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் இழுத்து, இடுப்பகலத்துக்கு வையுங்கள். மூக்கு கால்விரல்களுக்கு நேர் மேலே வரும்வரை முன்னால் குனியுங்கள். பலரும் தவறுவது இங்கேதான். நிமிர்ந்தபடியே எழப் பார்ப்பார்கள், முடியாமல் தொப்பென்று விழுவார்கள். குனிந்தபிறகு மூச்சை வெளியே விட்டுக்கொண்டே எழுங்கள். நேராக நின்று, இடுப்பை நிமிர்த்துங்கள். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி மெதுவாக உட்காருங்கள். இறங்கும்போதும் தசை வேலை செய்கிறது, அதை வீணாக்க வேண்டாம்.

மூச்சைப் பற்றி ஒரு வார்த்தை. தம் பிடிப்பதில் பெருமைப்படும் ஊர் இது. முத்துக்கும் சங்குக்கும் மூச்சடக்கியவர்கள் நாம். பளு தூக்கும்போது அந்தப் பெருமை வேண்டாம். தம் பிடித்து முக்கினால் ரத்த அழுத்தம் எகிறும்.

கை ஊன்றாமல் எழவே முடியாதவர் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம், அல்லது கை ஊன்றியே தொடங்கலாம். முதல் வாரம் ஐந்து முறை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி ஐந்து. அது சுலபமாகிவிட்டால் எட்டு, பத்து. பத்தும் சிரமமில்லாமல் வந்துவிட்டால் எண்ணிக்கையை ஐம்பது, நூறு என்று ஏற்றிக்கொண்டு போவதில் பயன் குறைவு. சுமையைக் கூட்டுங்கள். இந்த ஊரில் அதற்கா பஞ்சம்? ஒரு கிலோ உப்புப் பொட்டலம் இரண்டை மஞ்சப்பையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு எழுங்கள். பிறகு மூன்று, நான்கு. கடைசி இரண்டு முறை எழும்போது 'அப்பாடா' என்று இருக்க வேண்டும். இருந்தால் சரியான சுமை. முகம் சுளிக்காமல் முடிந்தால் அது பயிற்சியாகாது.

அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பது கெண்டைக்காலுக்கு. அதே மேடையைப் பிடித்தபடி ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் மறு பாதத்தை வைத்து, கோடு போட்டதுபோல் பத்து விநாடி நிற்பது தடுமாற்றத்துக்கு. வாசற்படியில் ஏறி இறங்குவது தொடைக்கு, பக்கத்தில் பிடிக்க ஏதாவது இருக்கட்டும். கைக்கு அதே உப்புப் பையோ ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலோ போதும். கடற்கரை மணலில் நடப்பது நல்ல பயிற்சிதான் என்றாலும் தொடக்கக்காரர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். மணலில் கால் புரண்டு விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், முதியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உழைப்பு, இரண்டு நாளாவது தசைக்கு வலுவேற்றும் பயிற்சி, மூன்று நாளாவது தடுமாற்றம் தவிர்க்கும் பயிற்சி என்று சொல்லியிருக்கிறது. வலுப் பயிற்சியை ஒருநாள் விட்டு ஒருநாள் வைத்துக்கொள்ளுங்கள். தசை சீர்ப்படுவது ஓய்வில்தான். நம் வெயிலுக்குக் காலை ஏழு மணிக்குள், இல்லையென்றால் பொழுது சாய்ந்தபின்.

முழங்கால் வலி இருந்தால்? பெரும்பாலான முட்டித் தேய்மானத்துக்கு ஓய்வைவிடத் தொடைத் தசை பலப்படுவதுதான் நல்லது. செய்யும்போது கொஞ்சம் வலித்து மறுநாளைக்குள் அடங்கிவிட்டால் தொடரலாம். மறுநாளும் வலித்தாலோ வீங்கினாலோ அளவைக் குறைக்க வேண்டும். தைலம் தேய்ப்பதில் வலிக்குச் சுகம் உண்டு, தசை வளராது.

இனிச் சாப்பாடு. பாஸ்டன் மருத்துவர் 1994-ல் இன்னும் பெரிதாக ஒரு ஆய்வு செய்தார். சராசரி 87 வயதுள்ள நூறு பேர், நான்கு குழு, பத்து வாரம். பயிற்சி செய்தவர்களுக்கு வலு இரட்டிப்பைத் தாண்டியது. பயிற்சியில்லாமல் சத்துபானம் மட்டும் குடித்தவர்களுக்கு வலு கூடவில்லை. மகன் வெளிநாட்டிலிருந்து வாங்கிவரும் புரதப் பவுடர் டின்னுக்கும் இது பொருந்தும். சாப்பாடு செங்கல் மாதிரி என்றெல்லாம் உவமை சொல்ல வேண்டியதில்லை. சுமை கொடுத்தால்தான் உடம்பு அந்தப் புரதத்தைத் தசைக்கு எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஆனால் பயிற்சி செய்துவிட்டுக் கஞ்சி மட்டும் குடித்தாலும் பலிக்காது.

வளர்ந்தவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்று ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரை. முதியவரின் தசை, அதே அளவு புரதத்துக்கு இளைஞனின் தசை அளவுக்குப் பதில் கொடுப்பதில்லை. அதனால் முதியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று 2013-ல் பன்னாட்டு நிபுணர் குழு சொன்னது. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு 60 முதல் 72 கிராம்.

நம் வீட்டு ஆச்சி ஒருவரின் சாப்பாட்டை எண்ணிப் பாருங்கள். காலையில் மூன்று இட்லி, தேங்காய்ச் சட்னி. மதியம் சோறு, மீன் குழம்பு. நாலு மணிக்குத் தேநீர், ரஸ்க். ராத்திரி கஞ்சி, துவையல். மொத்தமாகக் கூட்டினாலும் புரதம் முப்பது கிராமைத் தாண்டுவது கடினம். மீன் குழம்பு இருக்கிறதே என்பீர்கள். துண்டுகள் மகனுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போயிருக்கும். ஆச்சியின் தட்டில் குழம்பும் ஒரு தலையும்தான். சத்தெல்லாம் குழம்பில் இறங்கிவிடும் என்று அவர்களே சமாதானமும் சொல்வார்கள். இறங்காது. புரதம் துண்டில்தான் இருக்கிறது.

இந்தக் கரையில் வாழ்பவர்களுக்கு விலை ஒரு சாக்கு ஆகாது. சீலாவும் பாறையும் வேண்டாம். சாளை, சூடை, நெத்திலி, காரல் போதும். நூறு கிராம் மீன் சதையில் சுமார் இருபது கிராம் புரதம், அது சீலாவானாலும் சாளையானாலும். சாளையில் வைட்டமின் டி-யும் நல்ல கொழுப்பும் கூடுதல். நெத்திலியை முள்ளோடு தின்பதால் சுண்ணாம்புச் சத்தும் வந்துவிடும். பல் இல்லாதவர்களுக்குச் சுறாப்புட்டைவிட வாகான மீன் பதார்த்தம் எனக்குத் தெரியவில்லை. கருவாட்டில் புரதம் நிறைய இருக்கிறது, உப்பும் அதே அளவு மிரட்டுகிறது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஆசைக்குத் தொட்டுக்கொள்ளலாம், நம்பிச் சாப்பிட வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மீன் விலை ஏறும். அப்போது முட்டை. ஒன்றில் ஆறு கிராம் புரதம்.

மீன் தொடாதவர்களுக்கு உளுந்து இருக்கிறது. கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலில் விளைவது. நூறு கிராம் உளுந்தில் 24 கிராம் புரதம். நம் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் சாதாரணச் சேர்க்கை அல்ல. அரிசியில் குறைவதை உளுந்து கொடுக்கிறது, உளுந்தில் குறைவதை அரிசியும் எள்ளும் கொடுக்கின்றன. வயசுக்கு வந்த பெண்ணுக்கு மட்டும் கிண்டிக் கொடுக்கும் உளுந்தங்களியை வயதான பாட்டிக்கும் கொடுங்கள், கருப்பட்டியை மட்டும் குறைத்து. சர்க்கரை நோய்க்குக் கருப்பட்டியும் சர்க்கரைதான். ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பில் சாம்பார் கெட்டியாக இருக்கட்டும். நாலு மணி ரஸ்க்கை நிறுத்திவிட்டுப் பாசிப்பயறோ கொண்டைக்கடலையோ சுண்டல், மெல்ல முடியாவிட்டால் மசித்து. ராத்திரி கஞ்சிதான் இறங்கும் என்றால் பயற்றங்கஞ்சியாக வைத்து, ஒரு டம்ளர் பாலும் கொடுங்கள். மூன்று வேளைக்கும் புரதத்தைப் பிரித்துக் கொடுப்பது மதியம் மட்டும் மொத்தமாகக் கொட்டுவதைவிட மேல்.

ஆட்டுக்கால் சூப்பைப் பற்றிக் கேட்பார்கள். காலுக்குக் கால் என்ற கணக்கில் நம்பிக்கை அதிகம். ருசியாக இருக்கும், பசியைத் தூண்டும். எலும்பிலிருந்து இறங்கும் அந்தப் புரதம் தசை கட்ட அவ்வளவு உதவாது.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரதத்தைத் தாங்களாகக் கூட்டக் கூடாது, மருத்துவரிடம் கேட்டுத்தான். நெஞ்சுவலி, கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், சமீபத்தில் எலும்பு முறிவு, குடலிறக்கம், சர்க்கரையால் கண்ணில் ரத்தக்கசிவு இருப்பவர்களும் பயிற்சிக்கு முன் கேட்டுவிட வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றில் பயிற்சி செய்யாதீர்கள். எடை காரணமில்லாமல் இறங்கினால் அது மூப்பு என்று விட்டுவிடாமல் பரிசோதனை செய்யுங்கள்.

தமிழ்நாடு முதியோர் மருத்துவத்தில் பின்தங்கிய மாநிலமல்ல. 1978-லேயே சென்னை அரசு பொது மருத்துவமனையில் மருத்துவர் வ.செ. நடராசன் முதியோருக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-ல் திறக்கப்பட்டது. சென்னை தூரம் என்பவர்களுக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் இருக்கிறது. பக்கவாதத்தாலோ எலும்பு முறிவாலோ முடங்கியவர்களுக்கு அதில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவார். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்க வேண்டும். 104 என்ற உதவி எண்ணுக்குப் போன் செய்தும் விவரம் கேட்கலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். மீன் பரிமாறும்போது ஆச்சி தட்டில் முதலில் துண்டை வையுங்கள், எடுத்துப் பேரனுக்குப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாத்தா நாற்காலியிலிருந்து எழப் பார்க்கும்போது ஓடிப்போய்க் கையைப் பிடித்துத் தூக்காதீர்கள். பக்கத்தில் நில்லுங்கள், விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவரே எழட்டும்.